தபாலறையும் தோட்டத்து ஆபீஸும்

 

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்குப் போன பொடியன் ஒருவன் பெரிய வங்கியொன்றின் தலைமை அலுவலகத்துத் தபாலறையில் வேலை செய்கிறான். ஊரில் எல்லோருக்கும் அது “பேங்க்ல வேல”. கழுத்தில் தொங்கும் அட்டையிலும் வங்கியின் நிறம்தான். சம்பளச் சீட்டில் மட்டும் வேறொரு கம்பனியின் பெயர். தீபாவளிக்கு வந்தவன் கேட்டான்: “அண்ணே, நான் பேங்க் ஆளா, கம்பனி ஆளா?”

சட்டப்படி நீ கம்பனி ஆள் என்றேன். நியமித்தது கம்பனி, சம்பளம் போடுவது கம்பனி, நிற்பாட்டுவதும் கம்பனி. ஆனால் காலையில் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும், எந்தப் பையை முதலில் பிரிக்க வேண்டும், எப்போது சாப்பிடப் போகலாம் என்று சொல்பவர் வங்கி அதிகாரி. சம்பளம் ஓரிடம், அதிகாரம் இன்னோரிடம். மேன்பவர் வேலை என்றால் இதுதான்.

தபாலறை வேலையைக் கடிதம் தூக்கும் வேலை என்று நினைப்பவர்கள் அதை ஒருநாள் கிட்ட நின்று பார்க்க வேண்டும். காலையில் தபாற்கந்தோரிலிருந்து பை வரும். கூரியர்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வருவார்கள். கிளைகளிலிருந்து முத்திரையிட்ட உள்பைகள் வரும். எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, மாடி வாரியாக, பகுதி வாரியாகத் தட்டுகளில் போட வேண்டும். சாதாரணக் கடிதம் நேரே தட்டுக்குப் போய்விடும். பதிவுத் தபாலுக்கு அப்படி இல்லை. அதன் இலக்கம், அனுப்பியவர், யாருக்கு, வந்த நேரம் எல்லாம் பேரேட்டில் ஏற வேண்டும். உறையின் மேல் “கிடைத்தது” என்று திகதி முத்திரை விழ வேண்டும். பிறகு டெலிவரி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், வாங்குபவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்தக் கையெழுத்துத்தான் தபாலறையின் உயிர். வழக்கறிஞர் கடிதம் ஒன்று வருகிறது, பதினான்கு நாளில் பதில் வேண்டும் என்கிறது என்று வையுங்கள். பதினான்கு நாள் எப்போது தொடங்கியது? முத்திரையைப் பார். யாரிடம் போனது? புத்தகத்தைப் பார். முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை என்றால் மேல்மாடியில் ஆளுக்கு ஆள் கைகாட்டி, கடைசியில் எல்லா விரலும் கீழ்மாடிப் பொடியன் பக்கம் திரும்பும். புத்தகம் அவனைக் கட்டிப்போடும் கயிறு என்று நினைக்கிறான். உண்மையில் அவனைக் காப்பாற்றுவதும் அதுதான்.

இவ்வளவு முக்கியமான வேலையை வங்கி ஏன் வெளியாளிடம் கொடுக்கிறது? காசுதான். நிரந்தர ஊழியருக்குப் போனஸ், வீட்டுக்கடன், மருத்துவச் செலவு, சம்பள ஏற்றம் எல்லாம் உண்டு. ஒப்பந்தக் கம்பனிக்கு ஆளொருவருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் கட்டினால் கணக்கு முடிந்தது. டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. அந்தக் கட்டணத்தில் தன் இலாபத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கம்பனி சம்பளமாகக் கொடுக்கிறது. இது கொழும்பு கண்டுபிடித்த வித்தை அல்ல. தபால் கட்டண முத்திரை குத்தும் இயந்திரத்துக்குப் பேர்போன அமெரிக்காவின் பிட்னி போவ்ஸ், பல காலம் மற்ற நிறுவனங்களின் தபாலறைகளையும் நடத்திக் கொடுத்தது. சுவிட்சர்லாந்தின் அரச தபால் நிறுவனமே இதற்கென்று சுவிஸ் போஸ்ட் சொலூஷன்ஸ் என்ற துணைக் கம்பனி வைத்திருந்து, 2022இல் அதை விற்றது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பொடியன்களுக்கு இது தெரியாததால்தான் பலபேர் ஏமாறுகிறார்கள்.

தனியார் துறையில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மேன்பவர் கம்பனிக்கும் அதே சட்டம்தான். ஊழியர் சேமலாப நிதி, நாம் ஈ.பி.எப். என்று சொல்வது, 1958ஆம் ஆண்டுச் சட்டம். உன் சம்பளத்தில் 8 வீதம் பிடிபடும், முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எப். 3 வீதம் முழுக்க முதலாளியின் பொறுப்பு, அதற்காக உன் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

ஓட்டை இருப்பது பணிக்கொடையில். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குத்தான் பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். ஆனால் தபாலறை ஒப்பந்தமோ இரண்டு வருடம், மூன்று வருடம். அது முடிந்து டெண்டர் இன்னொரு கம்பனிக்குப் போனால், அதே பொடியன் அதே மேசையில் அதே பையைப் பிரித்துக்கொண்டிருப்பான், சட்டையின் நிறம் மட்டும் மாறியிருக்கும். சேவைக்காலம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பத்து வருடம் ஒரே கதிரையில் இருந்தும் ஐந்து வருடம் நிரம்பாதவர்கள் இப்படித்தான் உண்டாகிறார்கள். இந்தியாவில் 1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று எழுதி வைத்தது. இங்கே அதற்கு நேரான தனிச்சட்டம் இல்லை. ஶ்ரீலங்கா டெலிகொமில் மேன்பவர் முறையில் வேலை செய்தவர்கள் 2016 டிசம்பரில் நிரந்தர நியமனம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு அடியில் இருந்ததும் இந்தக் கேள்விதான்: எங்கள் முதலாளி யார்?

அது சம்பளக் கேள்வி மட்டுமல்ல. 2001இல் அமெரிக்காவில் யாரோ கடித உறைக்குள் அந்திராக்ஸ் கிருமித் தூளைப் போட்டு அனுப்பினார்கள். 22 பேருக்கு நோய், ஐந்து பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் இருவர் வாஷிங்டனின் பிரெண்ட்வூட் தபால் நிலைய ஊழியர்கள். நோய்ப்பட்டவர்களில் ஒருவர் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் தபால் பிரிவில் வேலை பார்த்தவர், ஆனால் திணைக்களத்தின் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள். கடிதம் யாருடைய பெயருக்கு வந்தாலும் முதலில் தொடுபவன் தபாலறை ஆள். அவன் யாருடைய பட்டியலிலும் முழுதாக இருப்பதில்லை.

“இதெல்லாம் இப்ப வந்த கொழும்பு முறை, என்னண்ணே?” என்றான் பொடியன். உன் தோட்டத்தில் தபால் எப்படி வருகிறது, யோசித்துப் பார் என்றேன்.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான், ஆனால் யாரும் இதை ஒப்பந்த வேலை என்ற கண்ணால் பார்த்ததில்லை. தேயிலைத் தோட்டங்களில் தப்பால்காரன் என்று ஒருவர் இருந்தார், பல தோட்டங்களில் இப்போதும் இருக்கிறார். பூட்டுப் போட்ட பையோடு கிட்டடித் தபாற்கந்தோருக்கு நடப்பார், தோட்டத்துக்கான கடிதங்களை மொத்தமாக வாங்கி வந்து துரையின் ஆபீஸில் கொடுப்பார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பங்களாவுக்கு வேண்டிய பாணும் இறைச்சியும்கூட ஆள்வைத்துத் தூக்கி வரப்பட்டன. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தபிறகு கொழும்பிலிருந்து மலைக்குத் தபால் வருவது சுலபமாகிவிட்டது. நுவரெலியாவில் 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு இன்றைக்கும் நிற்கிறது. அந்தக் கட்டடத்தை உல்லாச விடுதிக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று 2023 நவம்பரில் தபால் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்ததும் நினைவிருக்கும். கட்டடத்துக்காக நாடே பேசியது, நல்லது. அந்தக் கட்டடத்திலிருந்து புறப்படும் கடிதம் லயத்துக் கதவு வரை போகிறதா என்று யார் பேசினார்கள்?

தபால் பை தோட்டத்து ஆபீஸோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கடிதங்கள் பெரிய கிளாக்கர் மேசையில் குவியும். பிறகு டிவிஷன் டிவிஷனாகப் பிரித்து, பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையோ கங்காணியோ பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். கடிதத்தை ஒப்புக்கொண்டு காசு வாங்கியது தபால் திணைக்களம். கடைசி இரண்டு மைலைக் கடப்பது தேயிலைக் கம்பனி. அந்தக் கம்பனியின் தொழில் தேயிலை. தபால் அதன் கணக்கில் ஒரு வரவும் இல்லாத வேலை. தப்பால்காரருக்குக் கிடைப்பது மற்றத் தொழிலாளருக்குப் போல ஒரு பேர், அதே நாட்சம்பளம். அது 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அவர் தபால் ஊழியர் அல்ல. தபால் ஊழியருக்குரிய சத்தியமும் தண்டனையும் அவருக்கில்லை.

கொழும்பு வங்கியாவது டெண்டர் போட்டு, ஒப்பந்தம் எழுதி, தவறினால் தண்டப்பணம் என்று விதித்து வெளியாளிடம் கொடுத்தது. இங்கே வழக்கமே ஒப்பந்தம். இந்த நாட்டின் ஆகப்பழைய வெளிக்குத்தகைத் தபாலறை எதுவென்று என்னைக் கேட்டால் தோட்டத்து ஆபீஸைத்தான் காட்டுவேன். அந்தத் தபாலறையில் கையெழுத்துப் புத்தகம் இல்லை.

இப்படி ஆனதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. தோட்டம் துரையின் காணி, பாதையும் அவருடையது, வெளியாள் உள்ளே வர அவர் அனுமதி வேண்டும் என்றிருந்த காலம் அது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையகம் அறிந்த கதை. சங்கக்காரர் நுழைய முடியாத இடத்தில் தபால்காரர் வீடுவீடாகப் போக முறை எங்கே? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். தபால்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. சட்டத்தின் நோக்கமே வேறு. ஆனால் லயத்தில் இருந்தவரின் முகவரி என்பது தோட்டத்தின் பெயர்தான் என்பதையும், அந்தப் பெயருக்கு வருகிற எந்த அரசாங்கக் கடிதமும் எந்த மேசையில் போய் விழும் என்பதையும் மறக்கக் கூடாது.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் போய், 53 வருடக் குத்தகையாகிவிட்டன. துரை மாறினார், மேசை மாறவில்லை. அதற்கு இன்னொரு பூட்டும் இருந்தது. ஊரில் பாதைக்குப் பெயர் வைப்பதும் வீட்டுக்கு வரிமதிப்பீட்டு இலக்கம் கொடுப்பதும் உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்க முடியாதபடி கையைக் கட்டியிருந்தது. தோட்ட மக்களின் வாக்கில் தெரிவான உறுப்பினர் அதே மக்களின் லயத்துப் பாதைக்கு ஒரு விளக்குப் போட முடியாது. சபை வராததால் பாதைக்குப் பெயரில்லை, பெயரில்லாததால் வீட்டுக்கு இலக்கமில்லை, இலக்கமில்லாததால் தபால்காரருக்குச் சுற்று இல்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

விளைவு எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் உறையை மட்டும் மேசையில் வைத்துப் பார்ப்போம். மேலே எழுதியிருப்பது: கே. ராஜேஸ்வரி, கீழ்ப்பிரிவு, தோட்டத்தின் பெயர், தலவாக்கலை. கீழ்ப்பிரிவில் ராஜேஸ்வரிகள் நாலு பேர் இருப்பார்கள். இருவருக்கு அப்பா பெயர் கந்தசாமி, ஒருவருக்குப் புருஷன் பெயர் கிருஷ்ணன். அனுப்பியது நகரத்து வங்கியின் அடகுப் பகுதி. தவணை தாண்டிவிட்டது, இந்தத் திகதிக்குள் மீட்காவிட்டால் நகை ஏலம் என்ற அறிவித்தல். முகவரி சிங்களத்தில் அச்சாகியிருந்தால் இன்னொரு முடிச்சு. எந்த ராஜேஸ்வரி என்று தெரியாமல் கடிதம் கிளாக்கரின் தட்டில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை யாரோ ஒரு ராஜேஸ்வரியிடம் போகிறது. அவர் பிரித்துப் பார்த்துவிட்டுத் தன்னுடையதல்ல என்று திருப்பிக் கொடுக்கிறார். இப்போது அது பிரித்த கடிதம். அடகு வைத்த விஷயம் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. உரியவருக்குக் கிடைக்கும்போது திகதி தாண்டியிருக்கலாம். வங்கியைக் கேட்டால் பதிவுத் தபாலில் அனுப்பினோம், சீட்டு இருக்கிறது என்பார்கள். தபாற்கந்தோரில் கேட்டால் ஒப்படைத்தோம், தோட்டத்து ஆபீஸின் கையெழுத்து இருக்கிறது என்பார்கள். இரண்டும் பொய்யல்ல.

“ஒப்படைத்தோம்” என்றால் யாரிடம் என்பதற்குப் பக்கத்து நாட்டை உதாரணமாகப் பார்ப்போம். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பெறுநரின் வீட்டிலோ அலுவலகத்திலோ கொடுத்தாலும், அவருடைய வேலையாளிடமோ முகவரிடமோ கொடுத்தாலும், வழக்கமாக அவருக்காக வாங்குபவரிடம் கொடுத்தாலும், பெறுநருக்கே கொடுத்ததாகக் கொள்ளப்படும் என்றது அது. துரைக்கும் வங்கிக்கும் அது நியாயமான ஏற்பாடு. அவர்களுக்காகக் கடிதம் வாங்குபவன் அவர்களின் ஆள். லயத்து ராஜேஸ்வரிக்குக் கிளாக்கர் ஆள் அல்ல. அவரை அவள் நியமிக்கவில்லை, நிற்பாட்டவும் முடியாது. அவளுக்காக வாங்கும் உரிமையை அவரிடம் யார் கொடுத்தது?

இங்கே தப்பால்காரரைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். நல்ல தப்பால்காரர் ஒருவருக்குத் தோட்டத்தின் வம்சாவளியே மனப்பாடம். எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கு அவரே கடிதத்தைப் பிரித்து வாசித்துக் காட்டியிருக்கிறார், இந்தியாவிலிருந்து வந்த சாவுச் செய்தியைச் சொல்ல நேரம் பார்த்துக் காத்திருந்திருக்கிறார். ஆனால் ஓர் ஆளின் நல்ல மனதின் மேல் தபால்முறையைக் கட்டக் கூடாது. அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த மனப்பாடமும் போய்விடும்.

இப்போதெல்லாம் போனும் வாட்ஸ்அப்பும் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நலம் விசாரிக்கும் கடிதம் போய்விட்டது, சரி. மிஞ்சியிருப்பதுதான் கனமானது. நீதிமன்ற அழைப்பாணை, நேர்முகப் பரீட்சைக் கடிதம், வாக்காளர் அட்டை, வங்கி அறிவித்தல் எல்லாம் உறையில்தான் வருகின்றன. கடிதம் குறையக் குறைய, தவறும் ஒவ்வொன்றின் விலையும் கூடுகிறது.

தோட்ட நிர்வாகங்களின் பக்கமும் சொல்ல வேண்டும். தபால் கொடுப்பது எங்கள் தொழிலே இல்லை, யாரும் செய்யாததால் செய்கிறோம் என்று பல துரைமார் சொல்வார்கள். அது உண்மைதான். தபால் திணைக்களம் ஆளில்லை, ஏற்றம், பாதை மோசம் என்று சொல்லும். கிராமத்து மலையிலும் ஏற்றம் உண்டு, அங்கே தபால்காரர் ஏறுகிறார். 1877இலேயே உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்த நாடு இது. எனக்கு இதில் இரண்டு பேச்சில்லை: முத்திரைக் காசை வாங்கியவரே கதவு வரை கொண்டுபோக வேண்டும். திணைக்களத்தால் முடியாத தோட்டத்தில் தப்பால்காரரையே முறையாக நியமித்து, தபால் ஊழியருக்குரிய பொறுப்பையும் கொடுப்பனவையும் அவருக்குக் கொடுக்கட்டும்.

அதுவரை ஆபீஸில் ஒரு சீ.ஆர். கொப்பி போதும். பதிவுத் தபாலின் இலக்கம், வந்த திகதி, பெயர், லயத்து இலக்கம், வாங்கியவரின் கையெழுத்து என ஐந்து கோடு. தேயிலை நிறுவையில் அரைக்கிலோ பிசகாமல் எழுதத் தெரிந்த ஆபீஸுக்கு இது பெரிய பாடமில்லை. தோட்டத் தலைவர்மார் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் கேட்கலாம், கம்பனிக்குச் செலவு ஒரு கொப்பியின் விலை.

முகவரிக்கு வழி இப்போது திறந்திருக்கிறது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் பிரதமர் மோடி நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீடுகள் என்று தனிவீட்டுத் திட்டங்கள் வந்திருக்கின்றன. வீடு தனியானாலும் பாதைக்குப் பெயரும் கதவுக்கு இலக்கமும் இல்லையென்றால் கடிதம் பழைய மேசைக்கே போகும். 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுவிட்டதால் சட்டம் தடுக்கிறது என்று இனி எந்தச் சபையும் சொல்ல முடியாது. 2025 மே மாதம் நீங்கள் தெரிவுசெய்த பிரதேச சபை உறுப்பினரிடம் உங்கள் லயத்துப் பாதைக்கு ஒரு பெயரும் வீட்டுக்கு ஓர் இலக்கமும் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், தபாற்கந்தோர்ப் பொறுப்பதிகாரிக்கும் ஒரு பிரதி போடுங்கள். இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.